மூன்றாவது மார்கித்

குழந்தை பிறந்து மூன்று மாதமாகப் போகிறது, இன்னும் பெயர் வைத்தபாடில்லை. சட்டப்படி வெள்ளிக்கிழமைக்குள் பதிந்தாக வேண்டும். தாய் இல்வாவின் வாயிலோ ஒரே பெயர்தான் வந்தது: மார்கித். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்ட மூத்தவளின் பெயர்.

"போன புள்ள பேரையா வெப்பே? உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினான் கணவன் ஹல்வார்.

"எங்க வம்சத்துல அப்படித்தான். பழைய சர்ச் ஏட்டப் பாத்தா தெரியும்."

"பாரேன், யாரு வேணாங்கறா!"

வீம்புக்குச் சொல்லியாகிவிட்டது, இனி தேடாமல் முடியுமா? குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கணினியில் அந்த ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அதை எழுதிய பாதிரியாரின் கையெழுத்து இருக்கிறதே, சுத்தக் கோழிக் கிறுக்கல்! எரிக்கின் மகன் மாட்ஸ், மாட்ஸின் மகன் எரிக், மறுபடி எரிக்கின் மகன் மாட்ஸ். ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பனிமூட்டம் விழுங்கியிருந்தது. பால் வாசனையில் கண் சொருகியது. அந்த எரிக்குகளும் மாட்ஸுகளும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல் இருந்தது.

மாட்ஸ் ஒருவனின் வீட்டுப் பதிவில் அவள் விரல் நின்றது. மார்கித், பக்கத்தில் இறந்ததற்கு அடையாளமாகச் சிலுவை. அடுத்த வருஷம் மார்கித், அவளுக்கும் சிலுவை. அதற்கடுத்தும் மார்கித். சிலுவை இல்லை. அந்த மூன்றாமவளின் வழிதான் இல்வா.

"ஹல்வார்! இங்க வா, பாரு!"

அவன் அந்த இரண்டு சிலுவைகளையும் வெகுநேரம் பார்த்தான். "சரிம்மா. அதே பேரு வெச்சிடலாம்."

ஜெயித்துவிட்டாள். ஜெயித்த ஜோரில் அடுத்த பக்கத்தையும் தள்ளினாள். மூன்றாவது மார்கித் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றிருந்தாள். முதல் பெண்ணின் பெயர் காரின், இரண்டு வயதில் சிலுவை. அடுத்த பெண்ணுக்கு, வம்ச வழக்கப்படி, காரின் என்றுதானே வைத்திருக்க வேண்டும்? வைக்கவில்லை. அன்னா என்று இருந்தது.

"அவ ஏன் வெக்கல?" என்றான் ஹல்வார்.

இல்வா திரையில் அந்த 'அன்னா'வை விரலால் தடவினாள். இரண்டு அக்காக்களின் பெயரை ஆயுள் முழுக்கச் சுமந்தவளுக்கு அந்தப் பாரம் தெரியாதா என்ன! குழந்தை விழித்து அவளையே பார்த்தது. மூத்தவளின் கண் இல்லை இது. சாம்பல் நிறத்தில், யாருடையதோ போல, புத்தம் புதிதாக இருந்தது.

படிவத்தைத் திறந்து, ஏட்டில் எங்குமே இல்லாத பெயராக, 'தீரா' என்று பதிந்தாள்.

"மார்கித் செத்துட்டா, ஹல்வார்" என்றாள். 'செத்துட்டா': ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. அப்புறம்தான் அழுதாள்.