குழாய்க்கு வந்த வாழைக்குலை

எங்கள் ஊர்க் குழாய் ராஜா காலத்தில் போட்டது. 1974-ல் அது துருப்பிடித்து, தண்ணீரைவிடச் சேற்றைத்தான் அதிகம் தந்தது. புதுக் குழாய்க்கு அரசாங்கம் கடன் தரச் சம்மதித்தது. ஆனால் ஊர்ப்பங்காக இரண்டாயிரம் ரூபாயைத் திங்கட்கிழமைக்குள் தம்பானூர் குடிநீர் ஆபீசில் கட்ட வேண்டும். தவறினால் திட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும். குழாய்க் கமிட்டி செக்ரட்டரி, பள்ளிக்கூட டீச்சர் ரத்னாபாய், நான்தான். ஆற்றிலிருந்து குடம் சுமந்து முட்டி தேய்ந்தவளும் நான்தான்.

நானூறு ரூபாய் குறைந்தது. ஊரில் வசதியுள்ளவர்கள் இரண்டே பேர்: கொப்பரை வியாபாரி ஞானையன், ரேஷன் கடை ராஜமணி. வேலித் தகராறில் பத்து வருடமாகப் பேச்சில்லை. குழாய் மற்றவன் வாசல் வழியாக வருகிறதாம், அதனால் இருவருமே சல்லிக்காசு தரவில்லை. நல்ல கிறிஸ்தவர்கள்!

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கனிகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். ஒரு வாழைக்குலையின் பணம் குழாய்க்கு என்று போதகரிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன்.

ஐந்து ரூபாயில் தொடங்கியது. ராஜமணி பத்து என்றார். ஞானையன் விடுவாரா? பதினைந்து என்றார். நூறு தாண்டியதும் பெண்கள் பாயைவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். ஞானையன் இருநூறில் நின்றார். ராஜமணி இருநூற்றைந்துக்குக் குலையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை போல நடந்தார்.

இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து. அன்று எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை, தவணை கேட்டுப் பார்க்கலாம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வாசலில் ஞானையன் நின்றார். கையில் நோட்டுகள்.

"எண்ணிக்கிடுங்க டீச்சரே. நான் ஏலத்துல கேட்ட இருநூறு."

"குலை உங்களுக்குக் கிட்டல்லியே?"

"குலை கெடக்கட்டு. ராஜமணிக்க பைசாவுல வார வெள்ளத்த எனக்க வீட்டுல குடிக்கவா? செத்தாலும் நடக்காது!"

தம்பானூரில் ரசீது கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இனி ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று நினைத்தபோது, ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன்.

அந்த இருவரையும் சமாதானப்படுத்தும் என்று வாராவாரம் ஜெபிக்கிறவள் நான். திரும்பும் பஸ்ஸில் மட்டும், "ஆண்டவரே, அவசரமில்லை, தண்ணீர்த் தொட்டி இன்னும் பாக்கி இருக்கிறது" என்றேன்.