கெராங் சிப்பியில் மஞ்சள் இழை

சேற்றுக் கடலோரத்தில் சிப்பி வளர்த்து விற்கும் ஷேக் அலாவுதீன் அண்ணனின் கெராங் சிப்பிகள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தபோது சேற்று மணம்கூடப் போகவில்லை. சிப்பியில் பிளாஸ்டிக் எவ்வளவு என்று ரிப்போர்ட் காட்டினால்தான் இனிமேல் வாங்குவோம் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் பிழைப்பே இப்போது கூடத்தில் சோதனை செய்யும் காமினி கையில்.

கூட வேலை செய்யும் ஷார்லினுக்குக் காமினியின் கைவேலையைப் பார்க்க அலுக்காது. சிப்பியின் ஓட்டைத் திறந்து, சதையைக் காரக் கரைசலில் போட்டு வெதுவெதுப்பில் வைத்தால், கண்ணுங்களா, சதை அத்தனையும் கரைந்துபோகும்; பிளாஸ்டிக் மட்டும் கரையாது. அதை வடிதாளில் வடித்து மைக்ரோஸ்கோப்பில் தேடுவாள் காமினி. அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமை.

அன்று வடிதாள் முழுக்க மஞ்சள் இழை.

"அண்ணன் கதை முடிஞ்சுது லா," என்றாள் ஷார்லின். வெளியிலிருந்து இழை விழுந்தால் தெரியட்டும் என்று சிப்பி போடாமல் அவள் தயாரித்திருந்த வெற்றுக் குடுவையில் ஓர் இழைகூட இல்லை. அப்படியென்றால் மஞ்சள் சிப்பியிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

காமினி தன் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். "நான் ஓடு திறந்த மேசைக்கு உன் குடுவை வரவே இல்லையே," என்றாள்.

கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு கட்டியது. பிளாஸ்டிக் இழை உதிரக் கூடாதென்று அவள் உடுப்பும் மேலங்கியும் பருத்தி. கயிறும் பருத்தி என்றுதான் நம்பியிருந்தாள். கத்தியைத் திருகும்போதெல்லாம் கையுறை விளிம்பு அதை உரசியிருக்கிறது.

கயிற்றிலிருந்து ஓர் இழையை உருவி அகச்சிவப்புக் கருவியில் வைத்தாள். ஒவ்வொரு பிளாஸ்டிக்குக்கும் அதில் தனிக் கோடு விழும், கைரேகை மாதிரி. கயிற்றின் கோடும் வடிதாள் இழையின் கோடும் அச்சு அசலாக ஒன்று. பாலியெஸ்டர்.

"சாமி கயிறுமா பாலியெஸ்டர்? கழட்டிடு டி."

"பால்குடம் எடுக்காம கழட்ட மாட்டேன். இதையெல்லாம் கொட்டிடு. இந்தத் தடவை நீ ஓடு திற. வெற்றுக் குடுவையும் உன் பக்கத்துலயே திறந்து கிடக்கட்டும்."

அத்தனை உழைப்பையும் கொட்டச் சொன்னவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஷார்லின் புதுக் கையுறையை எடுத்து மாட்டினாள்.

மறு பரிசோதனையில் மஞ்சள் காணாமல் போயிற்று. ஆனால் நீல இழை கொஞ்சம் இருந்தது. வெற்றுக் குடுவையில் அது இல்லை.

அலாவுதீனிடம் காமினியே சொன்னாள். "தாமதத்துக்கு நான்தான் காரணம்ண்ணே. மஞ்சள் என் கயித்துல இருந்து விழுந்தது. நீலம் மட்டும் உங்க சிப்பியோடது."

"அந்த நீலத்தையும் உன் கயித்துல சேர்த்துக்கக் கூடாதா?" சிரித்தபடிதான் கேட்டார், கண் சிரிக்கவில்லை.

"கூடாதுண்ணே."

அவர் தொப்பியை எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். "உள்ளபடியே எழுதிக் குடும்மா. தன் கயித்தையே காட்டிக் குடுத்த பிள்ளை, என் சிப்பியைக் கூட்டியா சொல்லப் போறே? ஹோட்டல்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."