நூலகத்தைக் கொளுத்த எதிரிகள் வரவில்லை

எங்கள் நகரத்து நூலகத்தை எதிரிகள் செவ்வாய்க்கிழமை வந்து கொளுத்துவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஆகியும் வரவில்லை.

நூலகத்தில் உள்ளவை எல்லாம் களிமண் பலகைகள். எழுதி அடுக்கியதோடு சரி, சுட்டதில்லை. நெருப்பில் வெந்தால் கல்லாகும். நனைந்தால் சேறாகும். மழையில் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது.

என் மனைவி செண்பகவல்லி இருக்கிறாள் என்பதற்கு எழுபத்திரண்டாம் அடுக்கில் உள்ள பலகை மட்டுமே சான்று. காலையில் அதன்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய இடது கையில் சுண்டுவிரல் காணாமல் போனது.

“சார், நாமளே கொளுத்திடலாமே” என்றேன்.

நூலகர் இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “விதியில இடமில்ல. எதிரிதான் கொளுத்தணும். ரெண்டு நினைவூட்டுக் கடிதம் போட்டாச்சு.”

“நான் முழுசாக் கரையறதுக்குள்ள பதில் வந்துடுமா?” என்றாள் செண்பகவல்லி. மோதிர விரலும் போயிருந்தது. மோதிரத்தை என் சட்டைப்பையில் போட்டாள்.

மதியம் எதிரிகள் வந்தார்கள். நாற்பது பேர். கால்களைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். தளபதியின் ஒரு கையில் தீப்பந்தம், மறுகையில் படிவம். அதில் ‘பகைக்கான காரணம்’ என்ற இடம் காலியாக இருந்தது.

“எங்களுக்கு உங்க மேல கோபமே இல்லீங்களே. காரணம் இல்லாமக் கொளுத்தினா மேலிடத்துல கேப்பாங்க” என்று தளபதி திரும்பினார்.

செண்பகவல்லி வழிமறித்தாள். அவளுக்கு இப்போது இடது முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை.

“யோவ் தளபதி! உன் கோட்டையப் பாத்திருக்கேன். ஆட்டுப்பட்டி அதைவிட உசரம். உன் படை வந்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சு எங்க ஊர்ல இலை போடுவாங்க.”

தளபதியின் காது சிவந்தது. “அம்மா, படையப் பத்திப் பேசாதீங்க.”

“உங்க ராஜாவுக்கு ஒட்டுமீசை.”

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“அது எப்படி வெளிய தெரிஞ்சுது?” என்றார் தளபதி. காரணத்தை எழுதினார். கையெழுத்திட்டார். கொளுத்தினார்.

எல்லோரும் வாசல் பந்தலில் உட்கார்ந்து பார்த்தோம். நூலகம் நன்றாக எரிந்தது. நட்சத்திரங்களின் பட்டியல் வெந்தது. காய்ச்சலுக்கான மருந்துகள் வெந்தன. அரசர்களின் பொய்கள் கூட ணங் ணங் என்று இறுகின. பிறகு எழுபத்திரண்டாம் அடுக்கு. செண்பகவல்லிக்கு மணிக்கட்டு வந்தது. ஐந்து விரல்களும் செங்கல் நிறத்தில் வந்தன. எதிரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“இனி மூவாயிரம் வருஷத்துக்குக் கவலை இல்ல” என்றார் இருதயராஜ்.

“மூவாயிரமா? இந்த மனுஷன்கூடயா?” என்றாள்.

மழை வலுத்தது. தளபதி குடையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பந்தலை விட்டு முதல் ஆளாக இறங்கித் தெரு நடுவே நடந்தாள். மழை அவள்மேல் முழுதாகப் பெய்தது. ஒன்றையும் எடுத்துக்கொண்டு போக அதனால் முடியவில்லை.