டெஸ்மண்ட் கேட்ட கால்மணி நேரம்

எங்கள் ஸ்டுடியோவில் ஆறு மணி அடித்தால் விளக்கு அணையும். வேலை முடியவில்லை என்றால் இயக்குநர் எங்களிடம் கால்மணி நேரம் கேட்க வேண்டும். ஒருவன் மறுத்தாலும் கிடையாது. விளக்குக்காரர்களின் சங்கப் பொறுப்பாளன் நான். மெயின் சுவிட்சும் என் பொறுப்புதான்.

டெஸ்மண்ட் இயக்கும் முதல் படம் அது. அவன் கிளாப் பலகை தட்டிய காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அன்று கடைசி ஷாட். மறுநாள் செட்டைப் பிரித்துவிடுவார்கள். ஷாட் கிடைக்காவிட்டால் படத்தைப் பறித்து வேறு ஆளிடம் கொடுத்துவிட, தயாரிப்பாளர் லாங்ஹர்ஸ்ட் வாசலிலேயே காத்திருந்தார்.

நல்ல பையன்தான். ஆனால் சாயங்காலம் டீ வண்டி உள்ளே வந்தபோது, "அப்புறம், அப்புறம்" என்று திருப்பி அனுப்பிவிட்டான். முன்பெல்லாம் அந்த வண்டிக்கு முதல் ஆளாக ஓடியவன் அவன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆறு மணி நெருங்கியது. முதல் டேக்கில் நடிகை வசனத்தை மறந்தாள். அடுத்ததில் கதவு சிக்கிக்கொண்டது. இன்னொன்றுக்கு நேரமில்லை. டெஸ்மண்ட் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

"கால்மணி நேரம் கொடுங்கப்பா. டீயைத் திருப்பி அனுப்பினது என் தப்புதான். தலைக்கனம் ஏறிடுச்சு."

"ஏறினதை நாங்களும்தான் பாத்தோம்," என்றான் மேலே விளக்குப் பரணில் இருந்த சிட்.

எல்லோரும் சிரித்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. என் கை மட்டும் உயரவில்லை. லாங்ஹர்ஸ்ட் கடிகாரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"என்ன ஆல்பி, மாட்டேங்கிறியா?" என்று கேட்டான் டெஸ்மண்ட்.

"ஒரு கைல சுவிட்ச் இருக்கு. அதைத் தூக்கினா விளக்கு போயிடும். இன்னொரு கைல நீ நிரப்ப விடாத குவளை இருக்கு. எந்தக் கையைத் தூக்கச் சொல்றே?"

நான் காலிக் குவளையை உயர்த்திப் பிடித்தேன்.

"ஷாட்டை எடுடா."

கேமரா ஓடியது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் மைக்கில் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். கதவு திறந்தது. நடிகை ஒரு சொல் பிசகாமல் பேசினாள். "கட்" என்றான் டெஸ்மண்ட். பரண் அதிரக் கத்தினோம். லாங்ஹர்ஸ்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டெஸ்மண்ட் பிறகு எத்தனையோ படம் எடுத்தான், 'சர்' பட்டமும் வாங்கினான். அவன் செட்டில் கேமரா வருவதற்கு முன்பே டீ வண்டிதான் உள்ளே வரும். முதல் குவளையை அவனே ஊற்றி என்னிடம் கொண்டுவந்து தருவான்.