மூடாத குழி

குழி மார்பளவு இறங்கியபோது ஒங்கேரி போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மண்வெட்டியைக் கீழ போடுங்கடா! கோர்ட்டு உத்தரவு."

போலீஸ்காரர் சங்கடத்தோடு படித்தார். வழக்கு முடியும்வரை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மோசெட்டியின் உடலைப் புதைக்கக் கூடாதாம்.

மோசெட்டி வீட்டு முற்றத்தில் பெட்டிக்குள் கிடந்தார். மகள் பொசிபோரி குழி விளிம்பில் நின்றிருந்தாள். தோட்டத்தை அப்பாவுக்கு விற்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முழுப் பணத்தையும் விழுங்கியவன் இந்த ஒங்கேரி. கிசி வட்டாரத்தில் நிலம் விலை ஏறியதும் பத்திரம் மாற்றித் தர மாட்டேன் என்றான். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா போட்ட வழக்கு; இப்போது அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான், இன்னும் வாய்தா. கடைசி வாய்தாவுக்குப் போனவர் கோர்ட்டு வராந்தா பெஞ்சிலேயே செத்துப்போனார். 'என்னை அந்தத் தோட்டத்துலதான் வைக்கணும்' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"நல்லா இருப்பியா சித்தப்பா நீ? எங்கப்பன் காசுல போட்ட கூரைக்குக் கீழதானே தூங்குறே?"

"வாயை மூடு. தோட்டத்தை வாங்குற புது ஆளு நைரோபியிலிருந்து வந்து காத்திருக்காரு." சாலையோரம் வெள்ளைக் கார் நின்றது.

"வாங்கப்பா போலாம். வீட்டுக்குப் பின்னாடியே வச்சுக்குவோம்." பொசிபோரி சொன்னதும் வெட்டியவர்கள் மேலேறினார்கள்.

ஒங்கேரிக்கு முகம் செத்துவிட்டது. வெட்டிய குழியை வெறுமனே விட்டால் அது இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. அவன் மருமகள் நிறைமாதம்.

"ஏய், இப்படியே போட்டுட்டா போறீங்க? ஆளுக்குப் பதிலா வாழைத்தண்டை வச்சுப் புதைங்க!"

"ஐயோ, கோர்ட்டு தடுத்திருக்கே சித்தப்பா."

"உடம்பைத்தானே தடுத்திருக்கு! வாழையையா தடுத்துச்சு? சார், சொல்லுங்க!"

போலீஸ்காரரும் அந்த ஊர்க்காரர்தான். "மூடிரும்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

பொசிபோரியே வாழையை வெட்டினாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா போட்டுப்போன பழுப்புக் கோட்டை வீட்டிலிருந்து எடுத்துவந்து தண்டுக்குச் சுற்றி இறக்கினாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அழுதுகொண்டே மண்ணைத் தள்ளி, மேட்டை உயர்த்தித் தட்டினாள்.

நைரோபிக்காரர் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கல்லறை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

"உள்ள வெறும் வாழைங்க! சத்தியமா வாழைத்தண்டுங்க!"

"அப்ப தோண்டிக் காட்டுங்க."

பொசிபோரி மண்வெட்டியை நீட்டினாள். "தோண்டு சித்தப்பா. யாரு தடுத்தா?"

ஒங்கேரி மண்வெட்டியைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். திறந்தால் குழி மறுபடி ஆளைக் கேட்குமே; கை நீளவில்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் வெள்ளைக் கார் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால், அடுப்படிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில், அப்பா கால் நீட்டிப் படுக்க இடம் போதுமா என்று பொசிபோரி மண்வெட்டிக் காம்பால் அளந்து பார்த்தாள். கொட்டிலின் ஒரு பக்கத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது.