டீச்சருக்கு ஒரு நாற்காலி

வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அக்காவின் சலவைக் கடைக்கு இஸ்திரி போட வந்தவள். வாடிக்கையாளர் எதிரே நின்றால் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். ஆனால் இஸ்திரி மேசை விரிப்புக்கு அடியில் பதினொரு நோட்டு நிறையக் கதை வைத்திருந்தாள்.

அதைக் கண்டுபிடித்த அக்கா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரம் ஆறு சட்டை சலவைக்குப் போடுகிற வாடிக்கையாளர் ஒருவர் புத்தகம் அச்சிடுகிறவர். அவருடைய துணிக் கட்டுக்குள் நோட்டுகளையும் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டாள். அப்படித்தான் புத்தகம் வந்தது.

வந்தது யாருக்கும் தெரியவில்லை. "கடையில நாலு பேர் கேட்டாத்தான் வாங்கி வைப்பாங்கம்மா," என்றார் பதிப்பாளர். நாலு பேருக்கு அவள் எங்கே போவாள்? ஒரு மதியம், அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, புத்தகக் கடைக்குப் போன் செய்தாள். அங்கே நம்பர் காட்டாத பழைய போன். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "நான் ரிட்டையர்டு டீச்சர் பேசறேம்மா," என்றாள்.

அந்த வாய் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் மூக்கால் பேசி நர்ஸ் ஆனாள். அடுத்த வாரம் அதட்டலாக வக்கீல் வீட்டம்மா. மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் புத்தகக் கடைக்கார அம்மாவைப் பிடுங்கியெடுத்தார்கள்.

புத்தகம் கடைக்கு வந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கடைக்கார அம்மாவுக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. டீச்சருக்கும் பேச்சு ருசித்துவிட்டது. ஒருநாள் அந்த அம்மா தன் மகனைப் பற்றிச் சொன்னாள். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, இரண்டு வருடமாக எட்டிப்பார்ப்பதில்லையாம். "யார்கிட்டயும் சொன்னதில்ல டீச்சர். நீங்க முகம் தெரியாதவங்க, அதான் சொல்றேன்."

"பெத்த மனசு வீண்போகாதும்மா," என்றாள் டீச்சர்.

போனை வைத்த பிறகு ஊமச்சிக்குக் காது எரிந்தது. ஆனாலும் அன்று மாலையே அந்த மகன் கதையைப் பன்னிரண்டாம் நோட்டில் எழுதி வைத்தாள்.

புத்தக வெளியீடு அந்தப் புத்தகக் கடையின் பின்னறையில்தான் நடந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்வதற்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முன்வரிசையில் மட்டும் மூன்று காலி. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அட்டை இருந்தது. டீச்சர், நர்ஸ், வக்கீல் வீட்டம்மா.

"அதுல உட்காராதீங்கம்மா," என்றாள் கடைக்கார அம்மா. "இந்தப் புத்தகம் இங்க வந்ததே அவங்களாலதான். முக்கியமா டீச்சர். போன்லயே மூணு பேரையும் கூப்பிட்டிருக்கேன். டீச்சர் வராம நான் ஆரம்பிக்கவே மாட்டேன்."

"அடேங்கப்பா! நம்ம ஊமச்சிக்கு இவ்ளோ பெரிய ஆளுங்க வர்றாங்களா?" அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "நான் நிக்கறேன். நின்னே தேய்ஞ்ச காலுதானே."

கால் மணி நேரம் ஆனது. பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கடைக்கார அம்மா எழுந்து ஓடினாள். அக்கா வீங்கிய முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

ஊமச்சி எழுந்தாள். டீச்சரின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினாள்.

"ஏம்மா, அது டீச்சருக்கு வச்சது!"

பதில் சொல்லப் பார்த்தாள். சொந்தக் குரல் வரவில்லை. இரண்டு தடவை முயன்ற பிறகு வந்தது அந்தக் கட்டைத் தொண்டைதான்.

"டீச்சர் வந்தாச்சும்மா."

யாரோ சிரித்தார்கள். "இவளுக்கு இதெல்லாம் வருமா!" என்று அக்காவும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கடைக்கார அம்மா மட்டும் அவள் வாயையே பார்த்தாள். பிறகு மற்ற இரண்டு அட்டைகளையும் பார்த்தாள். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "என் பையன் விஷயத்த உன்கிட்டயா சொன்னேன்?" என்றாள்.

ஊமச்சி ஆமென்று தலையாட்டினாள்.

"வேற எங்கயும் சொல்லலையே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பன்னிரண்டாம் நோட்டு நினைவுக்கு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

கடைக்கார அம்மா மற்ற இரண்டு அட்டைகளையும் தானே எடுத்து மடித்துக்கொண்டு, "ஆரம்பிங்க," என்று பதிப்பாளரிடம் சொன்னாள்.

"படிடி, கேட்போம்," என்றாள் அக்கா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

ஊமச்சி புத்தகத்தைத் திறந்தாள். வீட்டுக்குப் போனதும் பன்னிரண்டாம் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். இதுவரை எழுதியதிலேயே நன்றாக வந்திருந்த பக்கம் அதுதான் என்ற நினைப்பும் கூடவே வந்தது. தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டு, முதல் வரியைப் படிக்கத் தொடங்கினாள்.