அறுபது சென்ட்டுக்கு ஒரு கார்டு

ஸ்டமாடிஸ் சிகரெட் தொட்டவரில்லை. ஆனாலும் அவர் சமையலறை அலமாரியில் இருநூறு தீப்பெட்டிகளாவது அடுக்கி இருக்கும். எல்லாம் ஹரிக்லியாவின் பெட்டிக்கடையில் வாங்கியவை. ஒவ்வொன்றும் தனித்தனி நாளில், ஒவ்வொன்றுக்கும் கார்டை நீட்டி.

"அண்ணே, தீப்பெட்டியே அறுபது சென்ட்டு. பேங்க்காரன் தின்னது போக எனக்குக் குச்சிதான் மிஞ்சும். சில்லறை இல்லையா?" என்பாள் ஹரிக்லியா.

"கார்டு நீட்டினா வாங்கணும்னு சட்டம் இருக்கும்மா."

"சட்டம் போட்டவன் ஒரு நாள் இந்தப் பொட்டிக்குள்ள வந்து உக்காரட்டும், தெரியும் சேதி."

வாய்தான் அப்படி, கை அதற்குள் மெஷினை எடுத்து நீட்டியிருக்கும். அது 'டிங்' என்றதும் ஸ்டமாடிஸின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டார்.

காரணம் அவருடைய மகள் ரோடாந்தி. ஜெர்மனியில் வேலை, அங்கேயே குடும்பம். அம்மா செத்த காரியங்களெல்லாம் முடிந்து திரும்பிப் போன அன்று, பேருந்து நிலையத்தில் அவள் சொன்னாள்: "உங்க பேங்க் கணக்கை என் போன்ல சேர்த்துட்டேன்ப்பா. நீங்க கார்டு போட்டா, எந்தக் கடைன்னு எனக்கு டிங்குன்னு வரும். சரி, அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாருன்னு நினைச்சுக்குவேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னாளோ, அழுகையை மறைக்கச் சொன்னாளோ. இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்கள் வோலோஸ் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய விரல்கள். போனில் எழுத்துத் தட்ட வராது. வேலை நேரத்தில் கூப்பிட்டால் அவளுக்குத் தொந்தரவு. கார்டு நீட்டுவது கஷ்டமா என்ன?

காலை ஒன்பதுக்கு ரொட்டிக்கடையில் எள் தூவிய ஒரு ரொட்டி வளையம். எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். பதினொன்றுக்கு ஸீஸிஸின் கடையில் காப்பி. முழங்கால் வலி இல்லை, கடற்கரை வரை நடந்தேன். மாலையில் தீப்பெட்டி. பொழுது நல்லபடியாகப் போனது. பேரனின் பிறந்தநாளன்று பொம்மைக் கடையில் ஒரே ஒரு பலூன் வாங்கினார், தாத்தா மறக்கவில்லை என்று தெரியட்டுமே என்று. சளி பிடித்தபோது மட்டும் மருந்துக்கடையில் ரொக்கம் கொடுத்தார். மகள் பயந்துவிடக் கூடாது. இப்படி ஒற்றை ஆளாக ஒரு தபால் இலாகாவையே நடத்தினார் மனிதர்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை ஹரிக்லியாவின் மெஷின் படுத்துவிட்டது. லைன் இல்லை.

"பரவாயில்லண்ணே, காசா குடுங்க."

ஸ்டமாடிஸின் சட்டைப்பையில் இருபது யூரோ நோட்டு இருந்தது. ஆனால் காசு கொடுத்து வாங்கத் தீப்பெட்டி அவருக்கு எதற்கு? பெட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, "இருக்கட்டும்மா" என்று திரும்பி நடந்தார்.

ஹரிக்லியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அறுபது சென்ட் இல்லையா இந்த மனிதரிடம்! அதனால்தான் எதற்கெடுத்தாலும் கார்டா! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது, அவருடைய பென்ஷனைப் பாதியாக வெட்டிவிட்டார்கள் என்ற கிளைக்கதையோடு.

அன்று ரொட்டிக்கடைப் பெண் எள் வளையத்தைப் பொட்டலம் கட்டி, "இன்னிக்கு எங்க கணக்கு" என்றாள். ஸீஸிஸ் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீட்டிய கார்டை அவர் பைக்குள்ளேயே திரும்பத் திணித்தான்.

"மாமா, இது என் உபசாரம்."

"வேணாம் தம்பி, எடுத்துக்க. எனக்கு அந்த மெஷினு சத்தம் கேக்கணும்."

"நான் வேணா வாயால டிங்குங்கறேன். குடிங்க மாமா, ஆறிடும்."

எங்கள் ஊரில் ஒருவர் உபசாரம் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்கு மேல் காசை நீட்டுவதும் கன்னத்தில் அறைவதும் ஒன்று. ஸ்டமாடிஸ் குடித்தார். மாலையில் ஹரிக்லியாவும் தீப்பெட்டியைச் சும்மாவே கையில் வைத்து அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. இன்று முழுக்க ஒரு 'டிங்' கூடப் போகவில்லை. குழந்தை பதறிப்போவாளே என்று முதலில் பயந்தார். கொஞ்ச நேரத்தில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பதறட்டும். பதறிக் கூப்பிடட்டும். போனை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கடைசி வரை கூட்டினார்.

போன் அடிக்கவில்லை. புதன்கிழமையும் அடிக்கவில்லை. வியாழனிலிருந்து அவர் வேண்டுமென்றே கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். குளிக்கும்போதுகூடப் போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துக்கொண்டார். வெள்ளி. சனி.

ஞாயிறு பதினோரு மணிக்கு, வழக்கமான நேரத்துக்கு, வழக்கம்போல் ரோடாந்தி கூப்பிட்டாள். பேரனுக்குப் பல் விழுந்தது, அங்கே இன்னும் குளிர் விடவில்லை, மேலதிகாரி ஒரு மூதேவி. கால் மணி நேரம் பேசினாள். அவர் காத்திருந்தார்.

"சரிப்பா, வச்சிடவா?"

"கண்ணு, அந்த டிங்கு... இந்த வாரம் வரலையே, பாத்தியா?"

"எந்த டிங்குப்பா?"

"கார்டு போட்டா உனக்கு வருமே."

"ஐயோ, அதுவா! அதைக் கிறிஸ்துமஸுக்கே நிறுத்திட்டேன்ப்பா. மீட்டிங்ல உக்காந்திருந்தா டிங்கு டிங்குன்னு, எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஏன்ப்பா, கார்டு தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல, இல்ல. பத்திரமா இருக்கு."

"பயமுறுத்திட்டீங்க. நல்லா சாப்பிடுங்க, என்ன?"

"சாப்பிடறேன்."

கிறிஸ்துமஸிலிருந்து ஐந்து மாதம். யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டு அவர் போனின் சத்தத்தைப் பழையபடி குறைத்தார். மகள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் துணைக்கு அதுவாவது இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பெட்டிக்கடையைத் தாண்டும்போது ஹரிக்லியா கூப்பிட்டாள். துணி சுற்றிய ஒரு தட்டை நீட்டினாள். உள்ளே கீரை வைத்துச் சுட்ட பலகாரம், இன்னும் சூடாக இருந்தது.

"எடுத்துக்குங்கண்ணே. பென்ஷன் விஷயம் கேள்விப்பட்டோம். நம்மகிட்ட என்ன கூச்சம்? கையில காசில்லன்னா ஒரு வார்த்தை சொல்றதுதானே?"

ஸ்டமாடிஸ் சட்டைப்பையிலிருந்த நோட்டுகளை எடுத்து அவளிடம் காட்டினார்.

"காசு இருக்கும்மா. ஆளுதான் இல்ல."

அவர் நோட்டுகளைத் திரும்ப மடித்து வைத்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் எந்தக் கடையிலும் எதுவும் வாங்கவில்லை.